வெயிலின் அருமை பனியில் தெரியும்

நுழையும்முன்

பண்டிகைக்கும் கோடை விடுமுறைக்கும் நாம் ஆவலோடு காத்திருக்கிறோம். இடைப்பட்ட நாள்கள் வெறும் காத்திருப்பு மட்டுந்தானா? வட இந்தியக் குளிர்காலத்தின் சிறு இன்பங்களையும் வார இறுதிச் சிற்றுலாக்களையும் முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. கட்டுரையாசிரியரின் கருத்தோடு நீங்கள் உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். எதுவாயினும் காரணத்தோடு கூறுங்கள்.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. ஆண்டின் பெரும்பகுதி வெயில் சுடும் மண்ணில் அது பிறந்தது. அங்கே வேப்பமரத்தடியும் வீட்டுத் திண்ணையும் மக்கள் விரும்பி அமரும் இடங்கள். சனவரி மாதத்துத் தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளோ இப்பழமொழியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்: 'வெயிலின் அருமை பனியில் தெரியும்.' இங்கே முதியோர் தம் நாற்காலியை வெயில் விழும் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றனர். பூங்காக்களில் மரத்தடி வெறுமையாகக் கிடக்கிறது. வெட்டவெளிப் புல்தரையிலோ அமர இடம் கிடைப்பதில்லை.

பழமொழி மாறிவிட்டது, நம் வீடுகளில் மனநிலை இன்னும் மாறவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குளிர்காலம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தொல்லையாகவே கருதப்படுகிறது. 'இந்தக் குளிர் எப்போது தொலையும்?' என்னும் வினா திசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சன்னல்கள் அடைபடுகின்றன. ரஜாய்க்குள் சுருண்டு, கைப்பேசித் திரையைப் பார்த்தபடியே பிள்ளைகளின் பகற்பொழுது கழிகிறது. மகிழ்ச்சி முழுவதும் கோடை விடுமுறையின் கணக்கில் எழுதப்படுகிறது. ஊருக்குப் போனால் ஆற்றில் குளிக்கலாம், தோப்பில் விளையாடலாம், தாத்தா பாட்டியோடு இருக்கலாம் என்று அவர்கள் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

ஊரை எண்ணி ஏங்குவதில் தவறில்லை. ஆனால் நான்கு வாரங்கள் மகிழ்ந்திருப்பதற்காக மற்ற 48 வாரங்களைக் காத்திருப்பிலேயே கழிப்பது பேரிழப்பாகும். அன்றாடச் சிறு இன்பங்களைத் துய்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை நாம் வாழும் ஊரிலேயே தொடங்க வேண்டும் என்பதும், அதற்குக் குளிர்காலமே தக்க பருவம் என்பதும் இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்துகள்.

பகல் சுருங்கும் பருவம்

திசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் இந்தியாவில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் அமைகிறது. அன்று சென்னையில் பகற்பொழுது ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம் நீடிக்கிறது. தில்லியில் 10 மணி 20 நிமிடமே. நண்பகலிலும் தில்லியில் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தெற்கு வானில் சுமார் 38 பாகை உயரத்திலேயே நின்று, மேற்கே இறங்கிவிடுகிறது. அவ்வாறு சாய்ந்து விழும் கதிர்கள் பரந்த இடத்தில் பரவுவதால் அவற்றின் சூடு குறைகிறது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டிச் சுட்டெரித்த அதே சூரியன், இப்போது முதுகில் இதமாகத் தடவிக்கொடுக்கிறது. தெற்கு நோக்கிய வீடுகளில் வெயில் அறையின் உட்புறம் வரை எட்டிப்பார்க்கிறது. கோடையில் வெளிச்சமே படாத ஒரு மூலை குளிர்காலத்தில் ஒளி பெறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கவனித்தவர்க்கு அந்த மூலையே படிக்கும் இடமாகிவிடும்.

மூடுபனியும் அத்தகையதே. மேகமில்லாத நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. அதனை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி மிகச் சிறிய துளிகளாக மாறி மிதக்கிறது. அதனையே மூடுபனி என்கிறோம். எதிர்வீடு மறைகிறது, தெருவிளக்கு மஞ்சள் வட்டமாகத் தெரிகிறது, பால்காரரின் மிதிவண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னர் அதன் மணியோசை காதுக்கு வந்துவிடுகிறது. தொடர்வண்டிகளைத் தாமதப்படுத்தும் பனிதான் அது. ஆயினும் நாள்தோறும் நடந்து பழகிய தெருவைப் புதிய தெருவாகக் காட்டும் பனியும் அதுவே. அதன் தொல்லையை அறிந்த நாம் அதன் அழகையும் அறிந்துகொண்டால் நமக்கு வரவுதான், செலவில்லை.

கைக்கெட்டும் இன்பங்கள்

குளிர்காலத்துத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். தள்ளுவண்டியில் வேர்க்கடலை மலைபோலக் குவிக்கப்பட்டிருக்கும். அக்குவியலின் நடுவே சிறு மண்பானை ஒன்றில் தணல் புகைந்துகொண்டிருக்கும். கடலையைச் சூடாக வைத்திருக்க விற்பவர் கண்ட எளிய வழி அது. அருகில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக், ரேவ்டி ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த வண்டியில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து, துண்டாக்கி, எலுமிச்சைச் சாறும் மசாலாவும் தூவித் தொன்னையில் தருவர். பழைய தில்லியின் தெருக்களில் 'தௌலத் கீ சாட்' என்னும் பால்நுரை இனிப்பு கிடைக்கும். வெப்பம் பட்டால் அந்நுரை அடங்கிவிடும். எனவே குளிர்காலத்தில் மட்டுமே அதனைச் சுவைக்க முடியும்.

இந்த உணவுகளில் சுவையோடு மொழியும் ஒளிந்திருக்கிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை இந்தியில் 'ஷகர்கந்தி' என்பர். 'ஷகர்', 'சர்க்கரை' ஆகிய இரு சொற்களும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. தஞ்சாவூர்ப் பாட்டியும் தில்லித் தள்ளுவண்டிக்காரரும் அக்கிழங்கை ஒரே இனிப்பின் பெயரால் அழைக்கின்றனர். கஜக்கைக் கடிக்கும்போது நம் வீட்டு எள்ளுருண்டையின் நினைவு வருவது இயல்பே. இரண்டிலும் எள்ளும் வெல்லமுமே உறவாடுகின்றன. இருமொழி அறிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்க்கும் தனி இன்பம் இது. அதனை ஏன் இழக்க வேண்டும்?

காசு கொடுத்து வாங்காத இன்பங்களும் உள்ளன. பச்சைப் பட்டாணி மலிவாகக் கிடைக்கும் காலம் இது. ஞாயிறு காலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து, வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து பட்டாணி உரிப்பதை எண்ணிப் பாருங்கள். கைகள் உரித்துக்கொண்டிருக்க, வாய் கதை பேசிக்கொண்டிருக்கும். தை மாதத்தில் மொச்சைக்காய் உரித்தபடி தம் அம்மா சொன்ன கதைகள் நம் அம்மாவுக்கு அப்போது நினைவுக்கு வரலாம். பக்கத்து வீட்டு அம்மையார் கம்பளிநூல் பின்னிக்கொண்டே உரையாடலில் கலந்துகொள்ளலாம். அவருடைய இந்தியும் நம்முடைய இந்தியும் வேறுபட்டு ஒலித்தாலும் வெயில் இருவர்க்கும் பொதுவானது. இத்தகைய ஒரு மணி நேரத்தைச் சிறியதென்று தள்ளுவது தவறு. பல்லாண்டுகளுக்குப் பின்னர் இளமைக்காலத்தை எண்ணும்போது, விலை உயர்ந்த பரிசுகளைவிட இத்தகைய காலைப்பொழுதுகளே மனத்தில் மேலெழும்.

பருவத்தைப் பார்த்தவர் நம் முன்னோர்

'குளிர்காலத்தை ரசிப்பது வடக்கத்தியார் வழக்கம். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நம் இலக்கியத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பழந்தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணி முதலாக இரண்டிரண்டு மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் உரியவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. குளிர் என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகாமல், இரவின் முற்பகுதியில் பனி விழும் காலத்தையும் பிற்பகுதியில் விழும் காலத்தையும் பிரித்தறிந்து வெவ்வேறு பெயரிட்டனர். உற்றுநோக்காதவரால் அவ்வாறு பெயரிட இயலுமா?

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையை இயற்றியவர் நக்கீரர். வாடைக்காற்று வீசும் குளிர்காலத்து ஊர் ஒன்றை அவர் அதில் காட்டுகிறார். கோவலர் கைகளை நெருப்பில் காய்ச்சுகின்றனர். கோடையில் பயன்பட்ட விசிறி மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பகலா இரவா என்று அறியாமல் மயங்கிய புறாக்கள் வீட்டு முகப்பில் கால்மாறி நிற்கின்றன. இன்றும் தில்லியின் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், பனி சூழ்ந்த காலையில் புறாக்கள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி அமர்ந்திருப்பதைக் காணலாம். நம்முள் எத்தனை பேர் அவற்றை ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறோம்? நாம் விரட்டும் புறாவைப் புலவர் பாட்டில் ஏற்றினார். சிறியதை உற்றுநோக்கும் அப்பழக்கம் நமக்கு வந்த குடும்பச் சொத்து. அச்சொத்து எந்த ஊரிலும் செல்லுபடியாகும்.

ஓரிடம், ஒரு வினா

இனி வார இறுதிச் சிற்றுலாவைப் பற்றிக் காண்போம். சிற்றுலா என்றதும் பலர்க்கு வணிக வளாகமே நினைவுக்கு வருகிறது. அங்கே செல்லக்கூடாது என்பதில்லை. ஆயினும் அங்கே மே மாதமும் சனவரி மாதமும் ஒன்றாகவே இருக்கும். அதற்குப் பருவம் என்பதே கிடையாது. வெளியே இதமான வெயில் காயும் ஞாயிற்றுக்கிழமையை விளக்கொளியில் கழிப்பது, பந்தியில் விருந்து காத்திருக்க அடுக்களையில் பழையதைத் தேடுவது போன்றது.

சிற்றுலாவுக்கு ஓர் எளிய விதியைப் பரிந்துரைக்கலாம்: ஒருமுறை ஓரிடம், அவ்விடத்தைப் பற்றி ஒரு வினா. ஒரே நாளில் ஐந்து இடங்களைச் சுற்றுபவர் ஒளிப்படங்களை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர்.

எடுத்துக்காட்டாக, தில்லியின் லோதி தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சையது மரபைச் சேர்ந்த முகம்மது ஷாவின் கல்லறையும், லோதி மரபைச் சேர்ந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும் அங்குள்ளன. இரண்டும் எண்கோண வடிவின. அவற்றுள் ஒன்றைச் சுற்றி மதில் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. எதற்கு மதில் உண்டு என்று கண்டறிவதே முதல் வருகைக்குரிய வினாவாக இருக்கட்டும். அடுத்த வருகையில் வேறொன்றைக் கேட்கலாம். இத்தோட்டம் 1936இல் திறக்கப்பட்டபோது, அப்போதைய ஆங்கிலேய அரசப் பிரதிநிதியின் துணைவியார் பெயரால் 'லேடி வில்லிங்டன் பூங்கா' எனப்பட்டது. அதனை அமைப்பதற்காக அங்கிருந்த கைர்பூர் என்னும் சிற்றூரின் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். விடுதலைக்குப் பின்னரே இன்றைய பெயர் வந்தது. நாம் பந்து விளையாடும் புல்வெளியில் ஒரு காலத்தில் யாருடைய வீடு இருந்திருக்கும்? ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வினா மற்றவரைவிட ஆழமாகப் புரியும்.

பறவைகளைக் காண விரும்புவோர் யமுனைக் கரையிலுள்ள ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்குச் செல்லலாம். அப்பெயரிலேயே மெட்ரோ நிலையம் உள்ளது. சற்றுத் தொலைவு செல்ல இயன்றவர்க்கு அரியானாவில் சுல்தான்பூர் தேசியப் பூங்காவும், இராசத்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவும் உள்ளன. குளிர்காலத்தில் அங்கு வரும் விருந்தினருள் வரித்தலை வாத்து குறிப்பிடத்தக்கது. வெண்ணிறத் தலையில் இரண்டு கரும்பட்டைகள் உடைய பறவை அது. மங்கோலியா, திபெத்து ஆகிய பகுதிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டிப் பறந்து இந்தியாவுக்கு வருகிறது. அவ்வாத்துகளுள் ஒரு பகுதி இன்னும் தெற்கே பறந்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை செல்கிறது. அவ்வூர் மக்கள் பறவைகளைத் தம் விருந்தினராகவே கருதிக் காத்துவருகின்றனர். வடக்கின் ஏரியையும் தெற்கின் குளத்தையும் ஒருங்கே தன் குளிர்கால வீடாகக் கொண்ட பறவையினம் இது. இரண்டு ஊர்களை உடைய நமக்கு இதைவிட நல்ல துணை உண்டோ?

தில்லிக்கு வெளியே வாழும் மாணவர்களும் தத்தம் ஊரில் தேடலாம். சண்டிகரில் நேக் சந்த் என்பவர் உடைந்த வளையல், ஓடு, பீங்கான் முதலிய கழிவுப் பொருள்களைக் கொண்டு உருவாக்கிய பாறைத் தோட்டம் இருக்கிறது. கொல்கத்தாவில் ஈச்சமரச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லத்தின் மணம் குளிர்காலத்தில் மட்டுமே வீசும். நம் பனங்கருப்பட்டியோடு அதனை ஒப்பிட்டுச் சுவைக்கலாம். போபாலில் பெரிய ஏரியின் கரையில் மாலை வெயிலில் நடக்கலாம். எவ்வூராயினும் குளிர்காலம் ஏதேனும் ஒன்றைத் தனக்கென்று வைத்திருக்கும். அது எது என்று கண்டறிவது உங்கள் பணி.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழும். 'ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. ஊர்சுற்ற நேரம் ஏது?' என்பது முதல் மறுப்பு. தேர்வு இன்றியமையாததே. ஆனால் சிற்றுலாவுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம். கைப்பேசி அதைவிட மிகுதியான நேரத்தைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறது. வெயிலில் நடந்து திரும்பிய உடல் மாலையில் சோர்வின்றிப் படிக்கும் என்பதைச் செய்து பார்த்தே அறியலாம்.

'பெற்றோர்க்கு ஓய்வும் வேண்டும். பணமும் வேண்டுமே' என்பது இரண்டாம் மறுப்பு. இது நேர்மையான மறுப்பு. மருத்துவமனையிலும் கடையிலும் காவல் பணியிலும் உள்ளவர்க்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளாக இருக்கலாம். அத்தகைய வீடுகளில் சிற்றுலாவை வற்புறுத்துவது அன்பாகாது. மாடியில் அரைமணி நேரம், ஒரு பொட்டலம் வேர்க்கடலை, பணி முடிந்து வந்த தந்தையோடு நாலு வார்த்தை: இதுவே அவ்வாரத்தின் விழா ஆகலாம். இன்பத்தின் அளவைச் சென்று வந்த தொலைவைக் கொண்டு கணக்கிட வேண்டியதில்லை.

'இவ்வூர் நமக்கு வெறும் தங்குமிடம். நம் ஊர் அங்கே இருக்கிறது' என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே எல்லாவற்றிலும் வலியது. பெரியோரின் நெஞ்சிலிருந்து வருவது. எனினும் பெற்றோர்க்கு வேலை தந்த ஊர், பிள்ளைகளுக்கு நண்பர்களைத் தந்த ஊர், பத்தாண்டு வாழ்ந்த பின்னும் அயலூராகவே இருப்பது யாருக்கும் நன்மை தராது. வாழும் ஊரைப் பார்க்கப் பழகாத கண், சொந்த ஊருக்குச் சென்றாலும் எதைப் பார்க்கும்? ஆற்றங்கரையில் நின்றுகொண்டு கைப்பேசியையே பார்க்கும். பார்க்கப் பழகிய கண்ணோ இரண்டு ஊர்களிலும் செல்வம் காணும். தில்லியை நேசிப்பதால் திருநெல்வேலியின் மீதுள்ள அன்பு குறைந்துவிடாது. தாய்வீடும் வாழும் வீடும் இரண்டுமே வீடுதான்.

காற்றையும் கவனிப்போம்

குளிர்காலத்தைப் போற்றும்போது அதன் குறையை மறைப்பது முறையன்று. வட இந்திய நகரங்களில் இப்பருவத்தில் காற்று கெடுகிறது. தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் மூடிபோல் அமைந்துவிடும் நாள்களில், ஊர்திப் புகையும் தூசும் மேலெழ வழியின்றிக் கீழேயே தங்குகின்றன. காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் அது மோசமான நிலை. 300ஐத் தாண்டினால் மிக மோசம். 400ஐத் தாண்டினால் கடுமையான நிலை. சிற்றுலாவுக்குக் கிளம்பும் முன் அவ்வெண்ணைப் பார்ப்பது குளிர்கால நாகரிகத்தின் ஒரு பகுதியாக வேண்டும். எண் மிகுந்த நாளில் வீட்டிலிருந்து பட்டாணி உரிப்போம். குறைந்த நாளில் வெளியே செல்வோம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்தானது. அதனால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெயில் வந்ததும் பூங்காவுக்குச் செல்லும் பிள்ளைதான், அப்பூங்கா புகைமண்டலத்தில் மூழ்கும்போது வருந்தும். வானத்தையே நிமிர்ந்து பாராதவர்க்கு அது நீலமாயினும் சாம்பலாயினும் ஒன்றே. தூய காற்றைக் கேட்டு நாளை குரல் கொடுக்கப்போகும் குடிமக்கள், இன்று வெளியே விளையாடி அதன் அருமையை அறிந்தவர்களாகவே இருப்பார்கள்.

மயிலுக்குப் போர்வை

போர்வைக்குள் இருக்கும்போது குளிர் அழகாகத் தோன்றும். போர்வை இல்லாதவர்க்கு அது அவ்வாறு தோன்றாது. நம் குடியிருப்பின் வாயிலில் இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலர், விடியற்காலையில் தெரு கூட்டும் பணியாளர், மேம்பாலத்தின் அடியில் உறங்குவோர் ஆகியோரும் இதே குளிர்காலத்தில்தான் வாழ்கின்றனர். அவர்களை மறந்துவிட்டு நாம் மட்டும் பருவத்தைப் புகழ்ந்தால் அப்புகழ்ச்சி பொய்யாகிவிடும்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். மலைப்பகுதியில் மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்டு நகைப்பவரும் உண்டு. ஆயினும் ஓர் உயிர் நடுங்குவதாகக் கண்டதும் தன் தோளில் இருந்ததை எடுத்துத் தந்த மனத்தை வரலாறு மறக்கவில்லை. பேகன் முதலில் செய்தது பார்த்ததுதான். கொடுத்தது பின்னரே நிகழ்ந்தது. சிறு அழகுகளைக் காணப் பழகிய கண்ணே சிறு துன்பங்களையும் காணும். அளவு சிறியதாகிவிட்ட நம் கம்பளிச் சட்டையைத் துவைத்து, மடித்து, தேவைப்படுவோர்க்கு மதிப்போடு தருவதும், காவலர்க்கு ஒரு குவளை சூடான தேநீர் கொடுத்து நலம் விசாரிப்பதும் குளிர்கால மகிழ்ச்சிகளுள் சேரும். தில்லி அரசு வீடற்றோர்க்காக நடத்தும் இரவுத் தங்குமிடங்களை 'ரைன் பசேரா' என்பர். அது எங்கிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதே ஒருவர்க்கு உதவியாகக்கூடும்.

இரண்டு நெருப்பு, ஒரே வெளிச்சம்

சனவரி நடுவில் பஞ்சாபியர் லோஹ்ரி கொண்டாடுகின்றனர். மாலையில் நெருப்பு மூட்டி, அதனைச் சுற்றி வந்து, வேர்க்கடலையும் ரேவ்டியும் பகிர்ந்து உண்கின்றனர். அதே நாளிலோ அதனை ஒட்டிய நாளிலோ நம் போகி வருகிறது; விடியலில் நாம் நெருப்பு மூட்டுகிறோம். ஒரே குடியிருப்பில் ஒரு வீட்டார்க்கு மாலையிலும் மற்றொரு வீட்டார்க்குக் காலையிலும் நெருப்பு. மறுநாள் நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் அவர்கள் வீட்டு எள் இனிப்பும் வாசல் மாறுகின்றன. தில்லியில் இராமகிருஷ்ணாபுரத்துக் குன்றின்மேல் உள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலுக்கு மார்கழிப் பனியில் படியேறிச் செல்லும் தமிழர்களையும் காணலாம். குளிர்காலம் நம்மை ஊரிலிருந்து பிரிக்கிறது என்று எண்ணுவோர் இவற்றைப் பார்க்க வேண்டும். இப்பருவம் நம் வழக்கங்களைப் புதிய அயலாரோடு சேர்த்துவைக்கிறது.

கோடை வரும், தொடர்வண்டியும் புறப்படும். ஊர் சேர்ந்ததும் பாட்டி கேட்பார்: "அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு?" குளிர்காலம் முழுவதும் சன்னலை அடைத்துக்கொண்டிருந்த பேரன், 'ஒன்றுமில்லை பாட்டி' என்பான். கண்ணைத் திறந்து வைத்திருந்த பேத்தியிடம் சொல்ல நிறைய இருக்கும்: தணல் பானை சுமந்த கடலை வண்டி, எண்கோணக் கல்லறை, இமயத்தைத் தாண்டி வந்த வாத்து, பக்கத்து வீட்டார் பின்னித் தந்த கம்பளித் தொப்பி. பாட்டிக்கு அவள் கொண்டுபோகும் பரிசுகளுள் இக்கதைகளே மிக உயர்ந்தவை. அவற்றைச் சேர்க்க இன்னும் சில வாரங்கள் மிச்சம் உள்ளன. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தால், முதலில் சன்னலைத் திறங்கள்.

சிந்தித்து எழுதுக

1. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்னும் பழமொழியைக் கட்டுரையாசிரியர் ஏன் திருப்பிச் சொல்கிறார்?

2. கட்டுரையில் கூறப்பட்ட மூன்று மறுப்புகளுள் எதனை நீங்கள் ஏற்கிறீர்கள்? காரணம் தருக. நான்காவது மறுப்பு ஒன்றை நீங்களே எழுதி, அதற்கு விடையும் கூறுக.

3. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் உணவுப்பொருள் ஒன்றின் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் எழுதி, அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.

4. 'ஓரிடம், ஒரு வினா' என்னும் விதிப்படி ஒரு சிற்றுலா சென்று வந்து, கண்டதைத் தாத்தா அல்லது பாட்டிக்குக் கடிதமாக எழுதுக.